மூலைக் காய்

அக்கா கறுப்பை எடுத்துக்கொண்டாள். கறுப்புதான் முதலில் ஆட வேண்டும் என்று விளையாட்டுப் பெட்டி மூடியில் அச்சடித்திருந்தது.

எதிலும் முந்திக்கொள்வது அவள் பிறவிக் குணம்.

மருத்துவமனைக் காத்திருப்பு அறையில், குழந்தைகளுக்காகப் போட்டிருந்த குட்டி மேசையில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தோம். உள்ளே எங்கள் தம்பி. அவனுக்கு ஒரு கிட்னி வேண்டும். உங்கள் இருவருடையதும் பொருந்துகிறது, யார் கொடுப்பது என்று உங்களுக்குள் பேசி நான்கு மணிக்குள் சொல்லுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மேசையில் அந்தப் பெட்டி கிடந்தது. ஆடித் தீர்த்துக்கொள்ளலாம் என்று அக்காதான் சொன்னாள். எனக்கும் அது சௌகரியமாக இருந்தது. தோற்றவள் கொடுக்க வேண்டும். இதில் கேட்க என்ன இருக்கிறது?

நான் தையற்காரி. நாளெல்லாம் ஊசியோடு இருப்பவள்தான். அந்த ஊசி வேறு, இந்த ஊசி வேறு. தம்பி மேல் உயிரையே வைத்திருக்கிறேன். ஆனால் வயிற்றைக் கிழிப்பார்கள் என்று நினைத்தாலே எழுந்து ஓடிவிடத் தோன்றுகிறது. எப்படியாவது ஜெயித்துவிட வேண்டும்.

ஆட்டம் சுலபம். ஒவ்வொரு காய்க்கும் ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் வெள்ளை. எதிராளியின் காய்களை நம் இரண்டு காய்களுக்கு நடுவில் அடைத்துவிட்டால், அவற்றைப் புரட்டி நம் நிறமாக்கிக்கொள்ளலாம். கடைசியில் யார் நிறம் அதிகமோ அவருக்கு வெற்றி.

நான் வெறி பிடித்தவள் மாதிரி புரட்டினேன். ஒரு காய் வைத்தால் ஐந்து, ஆறு புரண்டன. பலகை வெள்ளைவெளேரென்று ஆனது.

மணி மூன்றரை. கதவைப் பார்த்தேன். செருப்பைக் கழற்றினேன், மறுபடி மாட்டினேன்.

அக்கா அசையவில்லை. பள்ளி வேன் ஓட்டுகிறவள். ஸ்டியரிங்கைப் பிடிப்பதுபோல மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு காயையும் யோசித்து யோசித்து வைத்தாள்.

தம்பியை இடுப்பை விட்டு இறக்காமல் வளர்த்தவள், இன்று தோற்றுவிடக் கூடாதென்று இப்படி மல்லுக்கட்டுகிறாளே என்று எனக்கு வயிறு எரிந்தது. இவளும் பயந்தாங்கொள்ளிதானா? நான் பயப்படலாம், சின்னவள். இவள் பயப்படலாமா?

பிறகு அவள் காயைப் புரட்ட எனக்கு ஒரே ஓர் இடம்தான் மிஞ்சியது; புரட்ட முடியாத கட்டத்தில் காய் வைக்கக் கூடாது. மூலைக்குப் பக்கத்துக் கட்டம். அங்கே வைத்தால் மூலை அவளுக்குப் போய்விடும். மூலையில் உட்கார்ந்த காயை யாராலும் புரட்ட முடியாது.

இந்த முறை வேண்டாமென்று விட்டுவிடலாமா? மூடியைத் திருப்பிப் படித்தேன். இடம் இருந்தால் வைத்தே ஆக வேண்டுமாம்.

வைத்தேன்.

அவள் மூலையைப் பிடித்தாள். ஒரு வரிசை முழுக்கக் கறுத்தது. பின்னாலேயே இன்னொரு வரிசை. நான் சேர்த்ததெல்லாம் பத்து நிமிடத்தில் போயிற்று.

எண்ணிப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை. தொலைந்தேன் என்று நினைத்தேன். கண்ணில் பொலபொலவென்று நீர் கொட்டியது.

நர்ஸ் படிவத்தோடு வந்து, யார் கொடுப்பது என்று கேட்டார். எழுந்திருக்கப் பார்த்தேன். ஆனால் செருப்பைச் சரிசெய்கிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

அதற்குள் அக்கா படிவத்தை வாங்கிக்கொண்டாள்.

“நான்தான் ஜெயிச்சேன், சிஸ்டர். என் பேரப் போடுங்க.”

அவள் மளமளவென்று கையெழுத்துப் போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். உள்ளங்கையால் என் கன்னத்தைத் துடைத்தாள்.

“அழாதடி. உனக்கும் குடுக்கணும்னுதான் ஆச. எனக்குத் தெரியாதா?”

நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.