பிராக்மன் வம்சம்

"இதப் பாரும்மா மர்லீசு, இது ஏழாவது நடை. இன்னைக்கும் கையை விரிச்சேன்னா எனக்குக் கெட்ட கோபம் வரும்."

சர்ச் அலுவலக நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார் எகோன் பிராக்மன். தெற்கு பிரேசிலின் அந்த ஊரில் பாதிப் பேர் ஜெர்மனியிலிருந்து கப்பலேறி வந்தவர்களின் வாரிசுகள். எல்லோருக்கும் முன்னோரைத் தேடிப் பிடித்துக் கொடுப்பவள் மர்லீசு. எகோனின் கொள்ளுத்தாத்தா ஹெர்மன் பிராக்மன் மட்டும் அகப்படவே மாட்டேன் என்கிறார். கப்பல் பட்டியலில் இருக்கிறார், ஜெர்மனியில் அவர் பிறந்த ஊர் ஞானஸ்நானப் புத்தகத்தில் இல்லை. அதெப்படி ஐயா இல்லாமல் போவார்?

"அப்படி என்ன அவசரம்ண்ணே?"

எகோனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரே மகள் லியானே, லாரி ஓட்டும் நூனஸைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். அந்தப் பையனோ, உங்கள் பண்ணையிலேயே வந்து இருக்கிறேன், உங்கள் குடும்பப் பெயரையே வைத்துக்கொள்கிறேன் என்கிறான். சட்டத்தில் இடம் இருக்கிறதாம். பாட்டன், பூட்டன் என்று வரிசையாக எழுதிக் காட்டினால்தான் மகளுக்குப் புத்தி வரும் என்று நினைத்தார் எகோன்.

"பொண்டாட்டி பேரை ஒட்டிக்கிட்டு மாமனார் வீட்டுக்குள்ள நுழையறவன் ஒரு ஆம்பளையா? எங்க வம்சத்துல அப்படி ஒருத்தன் உண்டா, நீயே சொல்லு."

மர்லீசு ஒரு கடிதத்தை எடுத்தாள். ஹெர்மனின் கிராமத்துச் சர்ச்சிலிருந்து முந்தாநாள் வந்தது.

"நாமதான் தப்பான பேர்ல தேடிட்டோம்ண்ணே. அந்தப் பகுதியில குடும்பப் பேரு பண்ணைக்குத்தானாம், ஆளுக்கு இல்லையாம். பண்ணைக்காரர் மகளைக் கட்டிக்கிட்டு யார் உள்ள வந்தாலும் அந்தப் பேரை வெச்சுக்கணுமாம். உங்க ஹெர்மன் அங்க மாடு மேய்க்க வந்தவர். பொறந்தப்ப அவர் ஹெர்மன் லூட்டர். பண்ணை கைவிட்டுப் போனப்புறமும் பெண்டாட்டி வீட்டுப் பேரோடவே கப்பல் ஏறியிருக்கார்."

எகோன் கடிதத்தை வாங்கி இரண்டு தடவை படித்தார். முகம் சிவந்துபோயிற்று. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"மர்லீசு, இது நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும். லியானே காதுல மட்டும் விழவே கூடாது."

"அது எப்படிண்ணே?" என்றாள் மர்லீசு. "வேற பேர்ல தேடிப் பாருங்கன்னு அந்தச் சர்ச்சுக்கு எழுதினதே லியானேதான். நேத்தே வந்து படிச்சுட்டு, கல்யாணத்துக்குத் தேதியும் குறிச்சுட்டுப் போயிட்டா."