பதில் சொல்லாத சென்சார்

ஏபிஎஸ் பிரேக்கின் எச்சரிக்கை விளக்கு எரிந்தபடி ஒரு கார் பட்டறைக்கு வந்தது. தன்னை விட்டால் ஆளில்லை என்ற நினைப்பு, காரின் கோளாறைக் கண்டுபிடிக்கும் பட்டறை ஸ்கேனருக்கு. காரில் செருகியதுமே நான்கு சக்கர சென்சார்களையும் அதட்டிக் கூப்பிட்டது. மூன்று பேர் "இருக்கேண்ணே" என்றார்கள். இடது முன்சக்கரத்திலிருந்து சத்தமே இல்லை.

"அவன் செத்துட்டான், கழற்றிப் போடுங்க" என்றது ஸ்கேனர்.

மெக்கானிக் அதைக் கழற்றிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுப் புதியதை மாட்டினார். ஸ்கேனர் மறுபடி கூப்பிட்டது. அப்போதும் பதில் இல்லை.

மெக்கானிக் குனிந்து பார்த்தார். சென்சாரிலிருந்து வரும் வயரை நடுவழியில் எலி கடித்துத் துண்டாக்கியிருந்தது. அதை இணைத்ததும் புதியவன் பேசினான், விளக்கும் அணைந்தது.

ஸ்கேனருக்கு மனசு ஆறவில்லை. குப்பைத் தொட்டியை எட்டிப் பார்த்து, "அப்பவே வாயைத் திறந்திருக்கலாமேடா?" என்றது.

"நான் எப்பண்ணே வாயை மூடினேன்?" என்றது பழைய சென்சார்.