மானிட்டரில் ஒட்டிய சீட்டு

பெயிண்ட் கடை முதலாளியின் அறையில் கணக்கு மென்பொருள் காலையிலிருந்து திறக்கவில்லை. மற்ற மேசைகளில் எல்லாம் சமத்தாகத் திறக்கிறது.

"அந்தம்மா வேலைதான்" என்றார் முதலாளி. அந்தம்மா என்றால் கணக்கு எழுதும் அக்கா. அக்காவை இன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவது என்று முடிவே செய்துவிட்டார். காரணம் கண்டுபிடிக்கத்தான் கம்ப்யூட்டர்காரரை வரவழைத்திருந்தார்.

மென்பொருள் ஓசியில் கிடைத்தது. நம் கணக்கு அடுத்தவன் இடத்தில் இருப்பதா என்று, கடைக்குள்ளேயே ஒரு மெஷின் வாங்கி அதில் போட்டுக்கொண்டவர் முதலாளி. பாதுகாப்பைப் பற்றி எவர் கிடைத்தாலும் பாடம் எடுப்பார். இன்று கம்ப்யூட்டர்காரர் மாட்டினார்.

"இந்த ரூம் சாவி என் இடுப்பை விட்டு இறங்கினதில்ல தம்பி. இருக்கிறதே ஒரு சாவிதான். அந்தம்மா என்னடான்னா லாகின் பேரு, பாஸ்வேர்டு ரெண்டையும் சீட்டுல எழுதி மானிட்டர்லயே ஒட்டி வச்சிருக்கு. மயில்நீலமாம்."

அந்தக் கடையில் ஆளுக்கொரு பெயிண்ட் நிறம்தான் லாகின் பெயர்.

கம்ப்யூட்டர்காரர் பதிவுகளைப் பார்த்தார். "ரிப்பேர் ஒண்ணும் இல்லீங்க. தப்பான பேரைப் போட்டுக்கிட்டே இருந்தா, போட்ட கம்ப்யூட்டரையே இது உள்ள விடாது. நேத்து இந்த ரூம் கம்ப்யூட்டர்ல இருந்துதான் யாரோ திரும்பத் திரும்ப மயில்நீலம்னு போட்டிருக்காங்க."

முதலாளி ஒரு முறை இருமினார். பிறகு அக்காவைக் கூப்பிட்டு, சீட்டு ஒட்டிய லட்சணத்தால் எவனோ கணக்கில் கைவைக்கப் பார்த்திருக்கிறான், நாளையிலிருந்து வரவேண்டாம் என்று பொரிந்து தள்ளினார்.

அக்கா அழுவார் என்று கம்ப்யூட்டர்காரர் பயந்தார். அக்கா அழவில்லை.

"மயில்நீலம்னு இதுல ஆளே கிடையாதுங்க. நான் லீவுல இருந்தப்ப யாரோ என் பேர்ல உள்ள போய் பில்லையெல்லாம் அழிச்சிருந்தாங்க. வரிக்காரங்க வந்தா மாட்டப்போறது நான்தானேன்னு பயந்துட்டேன். அதான் என் பாஸ்வேர்டை மாத்திட்டு, பொய்ப் பேரு ஒண்ணை எழுதி ஒட்டினேன். யாரு வந்து விழறாங்கன்னு பார்க்கலாம்னு."

கம்ப்யூட்டர்காரர் பையை மாட்டிக்கொண்டே, முதலாளியிடம் உண்மையான அக்கறையோடு கேட்டார்.

"ஏங்க, இந்த ரூம் சாவியை நேத்து எங்கயாவது மறந்து வச்சிட்டீங்களா?"

முதலாளியின் கை தானாக இடுப்புக்குப் போனது.