பெரிய மொனிற்றர்

“வீட்டில இருந்து வேலை செய்யக் கொம்பனி விட்டால் இஞ்சயே நிப்பீரோ?” என்று முந்தின நாள் காலையில் ஆனந்தராசா மனைவியிடம் கேட்டிருந்தான்.

“கொம்பியூட்டருக்கு நல்ல மொனிற்றர் கிடைச்சால் பாப்பம்,” என்றாள் யோகமலர், அவன் கோப்பையில் தேநீரை ஊற்றியபடியே.

அந்தப் பதில் அவனுக்குப் போதுமாயிருந்தது.

கொழும்பிலுள்ள ஒரு நிறுவனத்துக்கு அவள் கணினி நிரல் எழுதுகிறாள். திருகோணமலைச் சந்தையில் குண்டு வெடித்த பிறகு, அங்கேயே வந்துவிடும்படி அவர்கள் தொலைபேசியில் வற்புறுத்திக்கொண்டிருந்தார்கள். அவனோ திருகோணமலைத் துறைமுகத்தில் படகு எஞ்சின் திருத்துபவன். கொழும்பில் போய் என்ன செய்வான்?

போக வேண்டாம் என்று அவன் சொல்லவில்லை. போகிறேன் என்று அவளும் சொல்லவில்லை. இருவரும் மொனிற்றரைப் பற்றியே கதைத்தார்கள்.

ஸுஹைரின் கணினிக் கடையில் இரண்டு மொனிற்றர்களை ஓடவிட்டிருந்தார்கள். ஒன்று புதிதாக வந்த தட்டையான மெல்லிசு. மற்றது கண்ணாடிக் குழாய் வைத்த பழைய, பெரிய மாதிரி. சின்னப் படகு எஞ்சின் அளவுக்குப் பாரம்.

தான் எழுதிய நிரலை அவள் இரண்டிலும் திறந்து பார்த்தாள். மெல்லிசில் எழுத்துப் பெருத்து, பாதி வரிகள் கீழே மறைந்துபோயின. பெரியதில் புள்ளிகள் நெருக்கம். எழுத்துச் சிறுத்தாலும் தெளிவு கெடவில்லை. முழு நிரலும் ஒரே பார்வையில் நின்றது.

ஆனாலும் மெல்லிசுதான் இந்தக் காலத்துக்கென்றே செய்தது என்றான் ஸுஹைர். அவசரத்துக்கு வெளிக்கிட வேண்டி வந்தால் ஒரு சீலைக்குள் சுற்றி பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொள்ளலாமாம்.

அவள் அதை மடியில் வைத்துக்கொண்டு தனியே பஸ்ஸில் போவது ஆனந்தராசாவின் கண்ணில் தெரிந்தது. திடீரென்று அந்தப் பழைய பாரத்தின் மேல் அவனுக்கு ஆசை வந்தது. சோதனைச் சாவடிக்குச் சாவடி இறக்கி ஏற்றி, அதை எந்தப் பெண் தனியாகக் கொழும்புவரை கொண்டுபோவாள்? வீட்டு மேசையில் வைத்தால் வைத்ததுதான்.

“பெரிசை எடும்,” என்றான், அவளுடைய வேலைக்காகச் சொல்வதுபோல.

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு பெரியதன் மேல் கையை வைத்தாள்.

இனி அவள் போகமாட்டாள் என்று அவன் முச்சக்கரவண்டி பிடிக்க வாசலுக்கு நடந்தான்.

பின்னால் அவள் ஸுஹைரிடம், வீட்டுக்கு இல்லை, கொழும்பு லொறியில் ஏற்ற வேண்டும், நல்லாக அடைத்துக் கட்டுங்கள் என்று சொல்வது கேட்டது.

ஆனந்தராசா வாசற்படியிலேயே நின்றுவிட்டான். வீதியில் ஓர் இராணுவ லொறி கடந்து, அதன் புழுதியும் அடங்கியது. அவன் திரும்பவில்லை.

ஸுஹைர் இருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, கயிறு எடுக்கிறேன் என்று உள்ளே போனான்.

யோகமலர் கணவனின் அருகே வந்தாள். குண்டு வெடித்த அன்றிலிருந்து வாய்வரை வந்து வந்து திரும்பிப்போன பேச்சு, இப்போது மிகச் சின்னக் குரலில் வெளியே வந்தது.

“இஞ்சருங்கோ, மெல்லிசெண்டால் நான் தனியப் போயிடுவன். அதுதான் எடுக்கேல்லை. பெரிசை என்னால தனியத் தூக்கேலாது. நீங்களும் என்னோட வாங்கோ.”