நாட்டு முட்டைக்கு ஒரு டார்ச்

ரப்பர் வளையம் டார்ச்சின் வாயில் இறுகி உட்கார்ந்தது.

பழைய சைக்கிள் டியூபில் வெட்டியது. ஒரு பக்கம் கொஞ்சம் கோணல். பரவாயில்லை. முட்டையின் அகன்ற முனையை அதில் பொருத்தினால் ஒரு பொட்டு வெளிச்சம்கூட வெளியே கசியக் கூடாது. அவளுக்கு அதுதான் வேண்டும்.

உள்ளங்கைக்குள் அடங்கும் டார்ச். சந்தையில் வாங்கும்போது உள்ளே ஒன்பது குட்டி எல்.இ.டி. இருந்தன. ஒன்பதையும் பிடுங்கிவிட்டுப் பெரியதாக ஒன்றை வைத்தாள். உடைந்த பைக் விளக்கிலிருந்து எடுத்தது.

முதல் தடவை எரியவிட்டபோது கண் கூசியது. துள்ளிக் குதித்தாள். கால் நிமிடத்தில் கட்டைவிரல் கொப்பளித்தது.

முட்டையை வைத்திருந்தால் வெந்திருக்கும்.

அதன்பிறகு வெளிச்சத்தைக் குறைக்கும் வேலை. ஒரு ரெசிஸ்டர் சேர்த்தாள். பழைய இருபது பைசா அலுமினியக் காசை அரத்தால் ராவி, சூட்டை வாங்கிக்கொள்ள எல்.இ.டி.யின் முதுகில் ஒட்டினாள். கூட்டுவதைவிடக் குறைப்பது கடினமாக இருந்தது.

இதற்கு முன் மூன்று டார்ச்சுகளைப் பிரித்து மாற்றிக் கட்டியிருக்கிறாள். பிடித்திருந்தது, செய்தாள். எதற்கு என்று யாராவது கேட்டால் சொல்ல ஒன்றும் இருந்ததில்லை.

இப்போது இருந்தது.

அடைக்கோழி பத்து நாளாகப் பதினோரு முட்டைகளின்மேல் உட்கார்ந்திருந்தது. நேற்று அவள் புருஷன் செங்கோட்டுவேலு ஒவ்வொன்றாகச் செல்போன் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தான். எல்லாம் ஒரே இருட்டு. உயிர் இருந்தால் தெரியும் நரம்பு எதிலும் தெரியவில்லை.

“அத்தனையும் கூமுட்டை புள்ள. தூக்கிப் போட்டுட்டுக் கோழியக் கலச்சு வுடு.”

அவன் பன்னிரண்டு வருஷமாகக் குஞ்சுப் பொரிப்பகத்தில் முட்டை பார்க்கிறவன். வெள்ளை முட்டைகள் தட்டுத் தட்டாக விளக்கின்மேல் நகரும். ஒரு முட்டைக்கு ஒரு பார்வை. நல்லது இருக்கும், கெட்டது கழியும். அவன் கழித்ததை இதுவரை யாரும் திரும்ப எடுத்துப் பார்த்ததில்லை.

இவை வெள்ளை இல்லை. தவிட்டு நிறம். தடித்த ஓடு. செல்போன் வெளிச்சம் உள்ளே போயிருக்காது.

“இன்னொரு நாள் இருக்கட்டுமுங்க” என்று மட்டும் சொல்லியிருந்தாள்.

மத்தியானம். கோழி தீனிக்கு இறங்கிய நேரம். முட்டைகளைக் கூடையோடு உள்ளே கொண்டுவந்தாள். ஜன்னலில் போர்வை. கதவிடுக்கில் லுங்கி. அறை இருண்டது. லீவில் வீட்டிலிருந்த செங்கோட்டுவேலு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

“என்னங்க இன்ஜினியரம்மா, சர்ச் லைட்டு ரெடியா?”

“பேசாம முட்டையப் புடிங்க.”

சிரித்துக்கொண்டே பிடித்தான்.

முதல் முட்டை. கலங்கிய கருமை. நரம்பு இல்லை.

“ம்” என்றான்.

‘நாந்தான் சொன்னேனே’ என்கிற அந்த ‘ம்’ அவளுக்குத் தெரியும். அடுத்ததைக் கொடுத்தாள்.

ஓடு சிவந்தது.

அவன் விரல்கள்கூடச் சிவந்தன. உள்ளே கிளை கிளையாக நரம்புகள். நடுவே ஒரு நிழல்.

நிழல் அசைந்தது.

மனசுக்குள் ஐந்து எண்ணிவிட்டு விளக்கை அணைத்தாள்.

“ஏம்புள்ள அமத்துன? இன்னொருக்கா போடு.”

“சூடு ஏறுமுங்க. அதுக்கு ஆவாது. செத்த பொறுங்க.”

இருட்டில் அவன் பொறுத்திருந்தான். முட்டையை இரண்டு கையாலும் பிடித்திருந்தான்.

மூன்றாவது. நான்காவது. அவள் விளக்கைப் போடுமுன்பே குனிந்துகொண்டான். பதினொன்றில் ஒன்பது உயிரோடு இருந்தன.

ஒன்பதையும் திரும்ப அடையில் வைக்கும்போது கோழி வந்து அவள் கையைக் கொத்தியது. சிரித்தாள். இன்னொரு முறையும் கொத்தியது. கையை எடுக்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் அவன் வேலையிலிருந்து வந்தான்.

“சூப்பர்வைசர்கிட்டச் சொன்னேன். என்ற சம்சாரம் பண்ணுன லைட்டுன்னு.”

சாதாரணமாகத்தான் சொன்னான். அவள் சமையலறைக்குள் போனாள். அங்கே ஒரு வேலையும் இல்லை. அடுப்பு மேடையில் கையூன்றிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். ‘என்ற சம்சாரம் பண்ணுன லைட்டு.’ வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும்போல் இருந்தது.

வெளியே வந்தபோது அவன் இன்னும் செருப்பைக் கழற்றவில்லை. சாப்பாட்டுப் பையிலிருந்து, துண்டில் சுற்றியிருந்த முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்துக்கொண்டிருந்தான்.

ஆறு. எல்லாம் தவிட்டு நிறம்.

“மூணு மாசமா அங்கயும் நாட்டு முட்டை வருது புள்ள. இது இன்னைக்கு நாங் கழிச்சது.”

மூன்று மாதமாக அவன் கழித்தவை எத்தனையோ என்று அவளுக்குத் தோன்றியது.

போர்வையை அவனே ஜன்னலில் மாட்டினான்.

ஒரு முட்டையை எடுத்து டார்ச்சின்மேல் வைத்தாள். பொத்தானை அழுத்தினாள்.

அவன் முட்டையைப் பார்க்கவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.