பிஞ்சு மல்லாட்டை

"முத்திப்போச்சுன்னுதானே மருந்த மாத்தினீங்க? இப்ப முத்தாதுன்றியே, எதும்மா நெசம்?"

ஆலோசனை சொல்கிற ஜெசிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "முத்தினது நோவு, தாத்தா. முத்தாம நிக்கப்போறது கிருமி."

வெங்கடாசலம் திண்டிவனம் பக்கமிருந்து பஸ் ஏறி விழுப்புரம் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர். லாரி ஓட்டிய காலத்தில் வாங்கி வந்தது எச்.ஐ.வி. நோவு. மாத்திரையை நம்புவார், பேச்சை நம்பமாட்டார். தொட்டால் ஒட்டாது, ஒரே தட்டில் தின்றாலும் ஒட்டாது என்று சுவரெல்லாம் எழுதியிருந்தார்கள். சுவரில் எழுதி ஓட்டுகூடத்தான் கேட்கிறான்.

நோவு தெரிந்த நாளிலிருந்து அவருக்கு வயல்காட்டு மோட்டார் கொட்டாயில்தான் படுக்கை. தட்டும் தனி, தம்ளரும் தனி.

ஜெசி ஒரு தாளில் இரண்டு வட்டம் போட்டாள்.

முதல் வட்டத்தில் புள்ளிகள் உள்சுவரோடு ஒட்டிக் கிடந்தன. கிருமி பிறக்கும்போது இப்படித்தான் இருக்கும் என்றாள். அதற்குள்ளேயே ஒரு கத்திரியும் உண்டு. அது வெட்டி விட்டால்தான் புள்ளிகள் பிரிந்து, இரண்டாவது வட்டம் மாதிரி நடுவில் கூம்பாகச் சேரும். கூம்பு கட்டினால்தான் அடுத்த உயிரணுவில் அதன் வேலை நடக்கும். புது மாத்திரை அந்தக் கத்திரியின் வாயை அடைத்துவிடும்.

அவர் முதல் வட்டத்தையே பார்த்தார். மேலே முற்றிய வேர்க்கடலைக்கு இருக்கிற அதே ஓடு. உள்ளே பருப்பு கட்டவில்லை.

"பிஞ்சு மல்லாட்டைன்னு சொல்லு. வெதைச்சா மொளைக்காது."

"அதேதான். ஆனா மாத்திரைய ஒரு வேளைகூட உடக்கூடாது. தொடுறதுல எப்பவுமே ஒட்டாதுன்னு எத்தினி தபா சொல்லிக்கீறேன்?"

"அத உடு. மொளைக்காதில்ல?"

"மொளைக்காது."

வாசல்வரை போனவர் திரும்பி மறுபடியும் அதையே கேட்டார்.

"இந்த வயசுல யாரத் தொடப்போறீங்க தாத்தா, இப்டிக் கேட்டுக்கினே கீறீங்க?"

அவர் வேட்டியை அவிழ்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

வெளியே பெஞ்சின் ஒரு முனையில் ஒருத்தி காகிதப் பொட்டலத்திலிருந்து அவித்த மல்லாட்டையை உரித்துத் தின்றுகொண்டிருந்தாள். நடுவில் மஞ்சள் பை. காலையில் அவரே வைத்த பைதான்.

வழக்கம்போல மறுமுனையில் உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரம் பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அதை எடுத்துத் தரையில் வைத்தார். நகர்ந்தார். இன்னும் கொஞ்சம் நகர்ந்தார். தோள் பட்டது.

அவள் விலகவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு காயை உடைத்து, ஒரு பருப்பைத் தன் வாயில் போட்டுக்கொண்டு, மற்றதை அவர் உள்ளங்கையில் அழுத்தி வைத்தாள்.

"மோட்டார் கொட்டாய்லேர்ந்து வூட்டுக்கு வர இத்தினி வருசமாய்யா ஆவும்?"