முப்பது மட்டி

ஐந்து பையிலும் ஈயம் அளவுக்கு மேலே இல்லை, பயமில்லாமல் சாப்பிடலாம் என்று ஜுமானா வாசித்து முடித்ததும் மாதர் சங்கக் கட்டடத்தில் எல்லாருக்கும் மூச்சு வந்தது. பரீனாவுக்கு மட்டும் வரவில்லை.

ஜுமானா கெம்பஸில் ஆராய்ச்சி செய்கிற பிள்ளை. களப்புத் தண்ணீரில் இறங்கி மட்டி பொறுக்கும் ஐந்து பெண்களுக்கு நாலு மாதத்துக்கு முந்தி ஆளுக்கொரு பை கொடுத்தவள். வழமையாக எடுக்கிற இடத்திலேயே முப்பது மட்டி எடுத்து, ஓட்டோடு, கழுவாமல் போட்டுத் தாருங்கள் என்று கேட்டாள்.

சேற்றில் ஈயம் இருந்தால் மட்டி அதை உறிஞ்சித் தன் உடம்பில் சேர்த்துக்கொள்ளுமாம். தின்கிறவர் உடம்பிலும் சேருமாம். லேசில் போகாதாம். வயிற்றுப் பிள்ளையையும் விடாதாம்.

எல்லாத்துக்கும் ஓம் மிஸ், ஓம் மிஸ் என்று பரீனா தலையாட்டினாள்.

பரீனா வழமையாக எடுப்பது கான் வாயில், ஊர்க் கழிவுத் தண்ணீர் களப்பில் விழுகிற இடத்தில். அந்தக் கானுக்கு மேற்பக்கம் பழைய பற்றறி உடைத்து ஈயம் எடுக்கிற கொட்டில் ஒன்று ஏழெட்டு வருசம் நடந்து, போன வருசம்தான் மூடினார்கள். அங்கே மட்டி நல்ல கொழுப்பு. ஓடுதான் கன்னங்கரேல் என்று இருக்கும், சேற்று நாற்றம் வேறு. முந்தல் சந்தைக்கு அவித்து, சதையை மட்டும் எடுத்துத்தானே கொண்டுபோகிறாள்? ஓட்டை யார் கண்டது!

இது ஓட்டோடு போகப்போகிறது. அதுவும் கெம்பஸுக்கு. வாசல் தேடி வந்து கேட்ட பிள்ளைக்கு இந்த நாத்தத்தையா அள்ளிக் கொடுப்பது? அங்கே படித்த ஆட்கள் பையைத் திறந்து மூக்கைப் பொத்தினால் யாருக்கு வெட்கம்? பையில் பரீனா என்று பெரிதாக எழுதியும் இருந்தது.

விடிய எழும்பி, இடுப்பளவு தண்ணீரில் நடந்து, நடுக்களப்பு மணல் திட்டுக்குப் போனாள். அங்கே மட்டி சின்னது, ஆனால் ஓடு வெள்ளை வெளேரென்று இருக்கும். முப்பது கேட்டவளுக்கு நாற்பது பொறுக்கி, கிணற்றுத் தண்ணீரில் மூன்று தரம் அலசி, துடைத்துக் கொடுத்தாள். மிஸ்ஸின் படிப்புக் காரியம், நல்லபடியாக நடக்கட்டும் என்றுதான் நினைத்தாள். பொய் சொன்ன மாதிரி அவளுக்குத் தோன்றவேயில்லை.

இப்போது ஜுமானா சுவரில் ஒட்டியிருந்த வரைபடத்தில் கான் வாய்க்கு நேரே பச்சைப் புள்ளி வைத்தாள். ஐந்து இடமும் கிட்டத்தட்ட ஒரே கணக்கு, இப்படி ஒற்றுமையாக வந்து தான் பார்த்ததேயில்லை என்று சிரித்தாள்.

பரீனாவின் மகள் நிஃப்லா முன்வரிசைக் கதிரையில் இருந்தாள். ஏழு மாத வயிறு. பை கொடுத்த அன்றே மட்டியை நிறுத்தியவள், இந்த முடிவு வரட்டும் என்று நாலு மாதமாகக் காத்திருந்தாள்.

எழும்பி வந்து, உம்மாவின் தோளைப் பிடித்துக் குனிந்து, வீட்டுச் சட்டியில் இருக்கிற கான் வாய் மட்டியை விற்க வேண்டாம், பகல் சோற்றுக்குத் தான் சுண்டிச் சாப்பிடப்போவதாகக் காதில் சொன்னாள். அவள் இப்படிச் சிரித்துக் கன நாள்.

அப்படியே வாசலுக்கு நடந்தாள்.

சொன்னால் மானம் போகும். யாவாரமும் போகும். பரீனா இதை நினைக்கவில்லை என்றால் அது பொய். நிஃப்லா படியில் நின்று காலால் செருப்பைத் துழாவியதைக் கண்டதும் அவளுக்குப் பொறுக்கவில்லை.

“நில்லு மகள், சாப்பிட வேணாம். மிஸ், நான் தந்தது கான் வாய் மட்டி இல்ல. அது பார்க்க ஏலாம இருந்திச்சி. திட்டில எடுத்துக் கழுவித் தந்தன்.”

ஒருவரும் ஏசவில்லை. ஏசியிருந்தாலாவது மனம் ஆறியிருக்கும்.

பக்கத்தில் இருந்த நிஸ்மியாவும் பை வாங்கியவள்தான்; குனிந்த தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

“நான் தந்ததும் திட்டு மட்டிதான் மிஸ்.”

பிறகு மற்ற மூன்று பேரும் சொன்னார்கள். ஒருத்தி புளி போட்டு ஓட்டைத் தேய்த்தும் இருக்கிறாள். ஐந்து பேரும் ஒருவருக்கும் சொல்லாமல், ஆளுக்கொரு விடியலில், அதே திட்டுக்குப் போய் வந்திருக்கிறார்கள்.

ஜுமானா கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். அவ்வளவு பெரிய களப்பில் ஒரேயொரு இடத்தை ஐந்து தரம் சோதித்திருக்கிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு எழும்பி, புதுப் பைகளை எடுத்து, இந்த முறை தானும் சேற்றில் இறங்குவதாகச் சொன்னாள்.

நிஃப்லா திரும்பி வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகம் போன போக்கு எதற்கென்று உம்மாவுக்குத் தெரியும்.

முதல் மூன்று மாதமும் அவளுக்கு ஒரே சத்தி. சோறு, பாண், பால், ஒன்றும் உள்ளே நிற்கவில்லை. பரீனா கான் வாயில் பொறுக்கிச் சுண்டிக் கொடுத்த மட்டி மட்டும்தான் நின்றது. காலையிலும் அது, பகலிலும் அது. மகள் எதையாவது சாப்பிடுகிறாளே என்ற சந்தோசத்தில், கொழுத்ததாகப் பார்த்துத் தன் கையாலேயே ஊட்டியும் விட்டாள்.

புது முடிவு வர எவ்வளவு நாள் செல்லும் என்று நிஃப்லா கேட்டாள்.

ஜுமானா நாலு மாதம் என்றாள்.

கிளினிக் அட்டையில் பிள்ளைப்பேற்றுக்கு எழுதியிருந்த நாளுக்கு இன்னும் ரெண்டு மாதம்தான் இருந்தது.